‘ஃப்ரெஷ்’ என்றால் புதிதா?

பொது ஆங்கில வகுப்பில் வானிலை அறிக்கையொன்றை மொழிபெயர்க்கத் தந்தார்கள. அதில் வந்த ‘ஃப்ரெஷ் பிரீஸ்’ என்பதை ‘புத்துணர்ச்சியூட்டும் இளந்தென்றல்’ என்று எழுதி, வீட்டில் பெருமையாக வாசித்தேன். கடலுக்குப் போகும் என் மாமா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “காத்து எவ்வளவு வேகமாம் மகள்?”

தேடிப் பார்த்தபோதுதான் வெட்கம் வந்தது. பிரித்தானியக் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் பியூபோர்ட் 1805இல் வகுத்த காற்று அளவுமுறையில் இது 5ஆம் படி. வேகம் மணிக்கு 29 முதல் 38 கிலோமீற்றர். சிறு மரங்கள் ஆடத் தொடங்கும். கடலெங்கும் வெண்ணுரை எழும். மலைகள் சூழ்ந்த நமது உட்துறைமுகத்தில் இது பெரிதாகத் தெரியாது. வெளியே, வாடைக் காலத்து வங்கக் கடலில், சிறு வள்ளக்காரர் யோசிக்க வேண்டிய காற்று. என் ‘தென்றலை’ நம்பி ஒருவர் வள்ளத்தைத் தள்ளியிருந்தால்? இதே அளவுமுறையின் பழைய பெயர்களில், மணிக்கு 62 கிலோமீற்றரைத் தாண்டும் 8ஆம் படிக்கும் ‘ஃப்ரெஷ் கேல்’ என்றே பெயர்!

பழைய ஆங்கிலத்தில் இச்சொல் நீரைக் குறித்து வரும்போது ‘உப்பில்லாத’ என்று பொருள்பட்டது. ‘புதிய’ என்ற பொருள் பின்னால் சேர்ந்தது. எனவே ‘ஃப்ரெஷ் வோட்டர்’ புதிய நீரல்ல, நன்னீர். மகாவலி கொட்டியாரக்குடாவில் கலக்கும்வரை சுமந்து வருவது அதைத்தான். 2004 சுனாமியில் கடல்நீர் புகுந்த கரையோரக் கிணறுகள் இழந்ததும் அதைத்தான். நாம் ‘நல்ல தண்ணி’ என்கிறோம். எனக்கு அந்தச் சொல்லே பிடிக்கும்.

மீனுக்கு வந்தால் ‘உடன் மீன்’. கருவாடு அல்லாதது என்றும் கொள்ளலாம், ஐஸில் உறையாதது என்றும் கொள்ளலாம். எதற்கு எதிராகச் சொல்கிறார்கள் என்று பார்த்தால்தான் பொருள் பிடிபடும். உம்மாவோ சொல்லை நம்புவதில்லை. செவுள் சிவந்திருக்கிறதா, கண் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்குவார்.

‘ஃப்ரெஷ் ஸ்டார்ட்’ என்றால் மறுபடி முதலிலிருந்து தொடங்குவது. பல்கலைக்கழகத்தில் ‘ஃப்ரெஷர்’ புதுமுக மாணவர். ஆனால் ஒருவர் நம்மிடம் ‘ஃப்ரெஷ்’ ஆக நடந்தார் என்றால் அது பாராட்டல்ல, மரியாதை மீறிய துடுக்குத்தனம். தோழிகள் இதையும் அறிந்து வைத்திருப்பது நல்லது.

திருத்திய தாளில் ‘ஓரளவு பலமான காற்று’ என்று எழுதினேன். அழகு குறைந்துவிட்டது. மாமா மட்டும், “இப்ப விளங்குது” என்றார்.