எத்தனை கிலோவில் நிறுத்துவது? உடம்பைக் குறைப்பவர்கள் தடுமாறும் கேள்வி!

மங்கலம்பேட்டை:-

உடம்பைக் குறைக்க ஆசைப்படாதவர் இன்று குறைவு. விடிந்ததும் நடக்கிறார்கள். ராத்திரி சோற்றை விட்டு சப்பாத்திக்கு மாறுகிறார்கள். ஆனால், "எத்தனை கிலோவுக்கு வரணும்?" என்று கேட்டால் பலர் விழிக்கிறார்கள்.

"கல்யாணத்தப்போ 48 கிலோ இருந்தேன். அதுக்கே வந்துடணும்" என்பார் ஒருவர். "சும்மா ரவுண்டா 60 வெச்சுக்குவோம்" என்பார் இன்னொருவர்.

இந்தக் கணக்கு தப்பினால் உயிருக்கே ஆபத்து!

வெறும் 24 கிலோ!

கேரளாவில் கண்ணூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு மாணவி 2025 மார்ச் மாதம் பரிதாபமாக இறந்தார். குண்டாகி விடுவோம் என்ற பயத்தில் சாப்பாட்டை ஒதுக்கி வந்தவர் அவர். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது எடை வெறும் 24 கிலோதான்! எலும்பும் தோலுமான பிறகும் "நான் குண்டு" என்று நினைக்க வைக்கும் 'அனோரெக்சியா' என்ற மனநோய் என்று டாக்டர்கள் கருதினார்கள்.

அதற்காக எடையைக் குறைக்காமல் இருக்கவும் முடியாது. 2019-21-ல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 100 பெண்களில் 40 பேரும், 100 ஆண்களில் 37 பேரும் அதிக எடை உள்ளவர்கள்.

உயரம்தான் கணக்கு

உயரத்தை சென்டி மீட்டரில் அளந்து, அதில் 100-ஐக் கழித்தால் வருவது சரியான எடை என்பது பழைய கணக்கு. 19-ம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரான்ஸ் டாக்டர் புரோக்காவின் பெயரால் வழங்குவது.

இப்போது டாக்டர்கள் பார்ப்பது 'பி.எம்.ஐ.' கணக்கு. எடையை, மீட்டரில் அளந்த உயரத்தால் இரண்டு முறை வகுக்க வேண்டும். வெள்ளைக்காரர்களுக்கு இது 25-ஐத் தாண்டினால் அதிக எடை. நமக்கோ 23-லேயே எச்சரிக்கை மணி! அதே எடையில் நம்மவர்களுக்கு வயிற்றில் கொழுப்பு அதிகம். சர்க்கரை வியாதியும் சீக்கிரம் வந்துவிடுகிறது. 18½-க்குக் கீழே போனால் மெலிவு.

அதன்படி 155 செ.மீ. (5 அடி 1 அங்குலம்) உயரமுள்ள பெண் 44½ கிலோவுக்கும் 55 கிலோவுக்கும் இடையில் இருக்கலாம். 165 செ.மீ. (5 அடி 5 அங்குலம்) உயரமுள்ள ஆணுக்கு 50½ முதல் 62½ கிலோ வரை.

முதலில் 4 கிலோ

அதே 155 செ.மீ. பெண் 78 கிலோ இருந்தால்? 23 கிலோ குறைக்க வேண்டும் என்றதும் மலைப்பு வரும். அது தேவையில்லை. இருக்கும் எடையில் நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு குறைந்தாலே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இறங்கத் தொடங்கும். முதலில் 74, பிறகு 70. அங்கே நின்று, அடுத்த படியை யோசிக்கலாம். வாரத்துக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை போதும். அவசரப்பட்டால் கொழுப்போடு தசையும் கரையும். பித்தப்பையில் கல்லும் வரலாம்.

மூட்டு வலிக்காரர்களுக்கு நல்ல செய்தி: ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் பாரம் சுமார் 4 கிலோ குறைகிறது!

எடை இறங்காவிட்டாலும் பலன்

சர்க்கரை வியாதியின் வாசலில் நின்ற 531 பேரை வைத்து சென்னையில் டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய ஆய்வு 2006-ல் வெளிவந்தது. நடையும் அளவான சாப்பாடும் கடைப்பிடித்தவர்களுக்கு வியாதி வரும் வாய்ப்பு 28½ சதவீதம் குறைந்தது. இத்தனைக்கும் அவர்கள் எடையில் பெரிய மாற்றம் இல்லை!

ஆகவே முள்ளை மட்டும் பார்க்க வேண்டாம். இடுப்பையும் அளந்து பாருங்கள். ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது. உயரத்தில் பாதிக்குள் இடுப்பு இருந்தால் நல்லது.

எங்கே நிற்பது?

வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டு, பட்டினி கிடக்காமல், ஒரு வருஷம் ஏறாமல் வைத்திருக்க முடிகிற எடைதான் கடைசி எடை. தலைசுற்றல், முடி கொட்டுதல், மாதவிலக்கு நின்றுபோதல் இவையெல்லாம் "போதும், நிறுத்து" என்று உடம்பு போடும் கூச்சல். உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

"என்னக்கா, கன்னமெல்லாம் ஒட்டிப் போச்சு?" என்று தெருவில் கேட்பார்கள். அதற்காகக் கலங்கவும் வேண்டாம்; கூடுதலாக ஒரு தட்டு பிரியாணி போட்டுக்கொள்ளவும் வேண்டாம்.

சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்கள் தாங்களாகச் சாப்பாட்டைக் குறைத்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி மயக்கம் வரும். கர்ப்பிணிகளும், வளரும் பிள்ளைகளும், வயதானவர்களும் டாக்டரைக் கேட்காமல் இறங்கக் கூடாது.

இதற்குப் பெரிய செலவில்லை. எடையும் ரத்த அழுத்தமும் பார்க்க அரசு ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. மேற்கொண்டு பார்க்க வேண்டுமானால் விருத்தாசலம் அரசு ஆஸ்பத்திரி. 2021 ஆகஸ்டு 5-ந் தேதி தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வந்தே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள்.

வாரம் ஒரு நாள், ஒரே நேரம், ஒரே எந்திரம். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுங்கள். தையல் டேப்பும் பக்கத்தில் இருக்கட்டும்!