பெருக்கலின் அடிப்படைப் பண்புகள்

புதுதில்லியிலுள்ள சரோஜினி நகர், மத்திய அரசு ஊழியரின் குடியிருப்பாக உருவான பகுதியாகும். முன்னர் வினய் நகர் என வழங்கிய இது, பின்னர்க் கவிக்குயில் சரோஜினி நாயுடுவின் பெயரைப் பெற்றது. இத்தகைய குடியிருப்புக்கு மாற்றலாகி வரும் ஊழியரின் குழந்தைக்குக் கணக்கு வகுப்பில் ஓர் இடர்ப்பாடு நேர்வதுண்டு. ‘ஏழெட்டு ஐம்பத்தாறு’ என்று மனனம் செய்த குழந்தை, ‘சாத் அட்டே சப்பன்’ என வகுப்பு ஒலிக்கும்போது திகைக்கிறது. ஓசையை மட்டும் கற்றிருந்தால், ஓசை மாறியதும் கணக்கும் கைவிட்டுப் போகும். பெருக்கலின் பண்புகளோ எம்மொழியிலும் மாறா.

முதலாவது, பரிமாற்றுப் பண்பு. வரிசைக்கு ஐந்தாக மூன்று வரிசைகளில் புளியங்கொட்டைகளை அடுக்குக. பக்கவாட்டிலிருந்து நோக்கின், அவையே மும்மூன்றாக ஐந்து வரிசைகளாகத் தோன்றும். 3×5, 5×3 ஆகிய இரண்டும் 15 ஆகும். இதனை உணர்ந்தால், 1 முதல் 10 வரையுள்ள வாய்பாடுகளின் 100 பெருக்கங்கள் 55 ஆகக் குறையும். 1 ஆல் பெருக்கினால் எண் மாறுவதில்லை. 10 ஆல் பெருக்கினால் வலப்புறம் ஒரு சுழி சேரும். இவற்றையும் நீக்கினால், மனனம் செய்ய எஞ்சுவன 36 மட்டுமே.

எவ்வெண்ணையும் சுழியால் பெருக்கினால் சுழியே என்பதைப் பிரமகுப்தர் 628-ல் இயற்றிய நூலிலேயே விதித்துள்ளார். நான்கு வெறுந்தட்டுகளைக் காட்டி, அவற்றில் எத்தனை பழங்கள் உள்ளன என வினவினால், குழந்தை இதனை எளிதில் உணரும்.

பாஸ்கராசாரியர் 1150-ல் இயற்றிய லீலாவதியில், 135ஐ 12 ஆல் பெருக்கப் பல வழிகள் காட்டப்படுகின்றன. 12ஐ 8, 4 எனப் பிரித்துத் தனித்தனியே பெருக்கினால் 1080, 540 கிடைக்கும், கூட்டினால் 1620. இது பங்கீட்டுப் பண்பு. 12ஐ 3×4 எனக் கொண்டு, முதலில் 3 ஆல் பெருக்கி 405 பெற்று, அதனை 4 ஆல் பெருக்கினாலும் 1620 வரும். இது சேர்ப்புப் பண்பு.

7×8 நினைவுக்கு வராத குழந்தை, 8ஐ 5, 3 எனப் பிரித்து, 35உடன் 21ஐக் கூட்டி 56 எனத் தானே கண்டடையும். மனனம் வேண்டா என்பது இதன் பொருளன்று. மனனம் தவறும்போது கைகொடுக்க ஒரு வழி இருத்தல் வேண்டும் என்பதே.

ஓர் எச்சரிக்கையும் தேவை. பரிமாற்றுப் பண்பு வகுத்தலுக்குப் பொருந்தாது. 12ஐ 3 பேருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு 4. 3ஐ 12 பேருக்குப் பகிர்ந்தால் ஆளுக்குக் கால் பங்கே. இவ்வேறுபாட்டையும் ஆசிரியர் பொருள்களைக் கொண்டே செய்து காட்டுவாராக.