நாக்கில் ஒட்டும் ஊதா

பிரான்சின் உறைபனியிலும் ஈரத்திலும் நொந்துபோன மால்பெக் திராட்சைக்கு ஆண்டிஸ் மலையடிவாரம் மறுவாழ்வு தந்தது. அங்கேயும் ஒருமுறை அதை வேரோடு பிடுங்கினார்கள்.

கோப்பையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றக் கூடாது. ஊற்றிய கையோடு குடித்துவிடவும் கூடாது. ஒரு வெள்ளைத் தாளின் மேல் கோப்பையைச் சாய்த்துப் பிடித்தால் நடுவில் மை போன்ற கருமை தெரியும். விளிம்பில் பளீரென்று ஊதா. நாவல் பழம் தின்ற சிறுவனின் நாக்கு நினைவுக்கு வரும். இளம் மால்பெக் ஒயினின் அடையாளம் அந்த ஊதாதான். வயது ஏற ஏற அது மங்கி, விளிம்பு செங்கல் நிறத்துக்கு இறங்கும்.

அர்ஜென்டினாவின் மேற்கு ஓரத்தில் உள்ள மெண்டோசா மாநிலத்தில் ஒயினை ருசி பார்ப்பவர்கள் தங்கள் வேலையைக் கண்ணிலிருந்துதான் தொடங்குகிறார்கள். பிறகு மூக்கு. கோப்பையை மெல்லச் சுழற்றினால் ஒயின் காற்றோடு கலந்து வாசனை எழும்பும். பிளம், ப்ளாக்பெர்ரி, சில சமயம் வயலட் பூ. ஓக் மரப்பீப்பாயில் இருந்து வந்ததென்றால் வெனிலா, காபி, சாக்லெட். சுழற்றிய பின் கண்ணாடியின் உட்புறம் கண்ணீர் போல வழியும் கோடுகளைக் காட்டி, "உயர்ந்த சரக்கு" என்று தலையாட்டுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஆல்கஹால் ஆவியாகும்போது நேரும் வெறும் இயற்பியல் அது. தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மூக்கையும் முழுக்க நம்புவதற்கில்லை. பிரான்சின் போர்தோ பல்கலைக்கழகத்தில் ஒயினியல் படித்த 54 மாணவர்களிடம் நடத்திய ஒரு சோதனையின் முடிவுகள் 2001இல் வெளியாயின. மணமற்ற சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயினை அவர்களிடம் கொடுத்தார்கள். மாணவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்கே உரிய வார்த்தைகளால் வர்ணித்தார்கள். கண் சொன்னதை மூக்கு வழிமொழிந்திருக்கிறது. ருசி பார்ப்பதைப் பெரும் வித்தையாகக் காட்டிக்கொள்பவர்கள் முன் இந்தச் சோதனையைச் சொல்லிப் பார்க்கலாம். மேஜையில் சிறிது நேரம் அமைதி நிலவும்.

வாய்க்குள் போனதும் முந்திக்கொள்வது துவர்ப்பு. திராட்சைத் தோலிலும் விதையிலும் உள்ள டானின், எச்சிலில் இருக்கும் புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. ஈறும் கன்னமும் இழுத்துப் பிடிப்பது அதனால்தான். ஆங்கிலத்தில் இதை விளக்க ஒரு பாரா வேண்டியிருக்கிறது. அறுசுவையில் துவர்ப்புக்கும் ஓர் இடம் கொடுத்துவிட்ட தமிழருக்குப் பாக்கும் வாழைப்பூவும் போதும். மால்பெக்கின் துவர்ப்பு பொதுவாக முரட்டுத்தனம் இல்லாதது. கபர்னே சாவிஞ்ஞான் ஒயினோடு ஒப்பிட்டால் வழவழப்பானது. ஆனால் ஆள் கனம். ஆல்கஹால் அளவு பெரும்பாலும் 13.5 சதவீதத்துக்கு மேல். 15ஐத் தொடுவதும் உண்டு.

இவ்வளவு வாட்டசாட்டமான ஒயினைத் தரும் கொடி, பிறந்த ஊரில் ஒரு நோஞ்சான். தென்மேற்கு பிரான்சின் லோ நதிக்கரையில் உள்ள கஹோர் வட்டாரம்தான் அதன் பழைய வீடு. இடைக்காலத்திலேயே 'கறுப்பு ஒயின்' என்று பெயர் வாங்கிய சரக்கு அங்கிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. ஆனால் கொடிக்கு உறைபனி ஆகாது. பூக்கும் காலத்தில் குளிர் அடித்தால் பிஞ்சு பிடிக்காது. ஈரம் அதிகமானால் அழுகல். 1860களில் தொடங்கி ஃபிலாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி ஐரோப்பியத் தோட்டங்களைத் தின்றது. மிஞ்சியதில் பெரும்பகுதியை 1956 பிப்ரவரியில் வந்த உறைபனி முடித்துவைத்தது. போர்தோக்காரர்கள் பலர் மால்பெக்கைக் கைகழுவி மெர்லோ நட்டார்கள். கஹோர் விவசாயிகள் மட்டும் பிடிவாதமாக அதையே திரும்ப நட்டார்கள்.

நல்லவேளையாக, பூச்சி வருவதற்கு முன்பே சில குச்சிகள் அட்லாண்டிக்கைத் தாண்டியிருந்தன. சிலியில் அரசியல் அகதியாக வாழ்ந்த டொமிங்கோ சர்மியென்டோ என்ற அர்ஜென்டினா எழுத்தாளர் (பின்னாளில் நாட்டின் குடியரசுத் தலைவர்), மெண்டோசாவில் ஒரு வேளாண் பண்ணை வேண்டும் என்று வற்புறுத்திவந்தார். அதற்கான மசோதா 1853 ஏப்ரல் 17 அன்று மாநிலச் சட்டமன்றத்துக்கு வந்தது. பண்ணையை நடத்த வந்தவர் மிஷெல் எமே பூஜே என்ற பிரெஞ்சுக்காரர். அவர் கொண்டுவந்த ரகங்களில் ஒன்று மால்பெக். ஏப்ரல் 17ஐ 2011 முதல் உலக மால்பெக் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

மெண்டோசா கிட்டத்தட்டப் பாலைவனம். ஆண்டு மழை சுமார் 200 மி.மீ.தான். அழுகல் நோய்க்கு அங்கே வேலை இல்லை. பகலில் சுள்ளென்ற வெயில், இரவில் மலைக்குளிர். வெயில் சர்க்கரையைக் கூட்ட, குளிர் புளிப்பைக் காப்பாற்றுகிறது. பிரான்சில் தவித்த கொடி இங்கே சிறு மணிகளாக, தடித்த தோலோடு காய்த்தது. மணல் பாங்கான மண்ணில் வேர்ப்பூச்சியின் ஜம்பம் அவ்வளவாகச் சாயாததால், பல தோட்டங்களில் கொடிகள் ஒட்டு இல்லாமல் சொந்த வேரிலேயே நிற்கின்றன.

இருந்தும் அதன் அருமை உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியவில்லை. 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஓர் அர்ஜென்டினாக்காரர் ஆண்டுக்குச் சராசரியாக 90 லிட்டர் அளவுக்கு ஒயின் குடித்தார். பெரும்பாலும் மலிவான சரக்கு. சோடா ஊற்றி, ஐஸ் போட்டுக் குடிப்பது. பிறகு பீரும் குளிர்பானங்களும் வந்தன. பணவீக்கமும் சேர்ந்துகொள்ள, ஒயின் தேங்கியது. கொடிகளைப் பிடுங்க அரசே ஊக்கம் கொடுத்தது. குறைவாக விளையும் மால்பெக் முதல் பலியானது. 1960களில் 50,000 ஹெக்டேருக்கு மேல் இருந்த ரகம் 1990களின் நடுவில் சுமார் 10,000 ஹெக்டேராகச் சுருங்கியது. நூறு வயதை நெருங்கிய கொடிகள் பல விறகாயின.

தப்பியதைத் தூக்கி நிறுத்தியவர்களில் முக்கியமானவர் நிக்கோலாஸ் கத்தேனா. பொருளாதார நிபுணரான அவர் 1980களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வருகைதரு பேராசிரியராக இருந்தபோது, நாப்பா பள்ளத்தாக்கினர் பிரான்சோடு போட்டி போடுவதைப் பார்த்தார். ஊர் திரும்பி, அளவைக் குறைத்துத் தரத்தைக் கூட்டினார். 1992இல் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,450 மீட்டர் உயரத்தில் தோட்டம் போட்டபோது, அந்தக் குளிரில் திராட்சை பழுக்காது என்று எச்சரித்தார்கள். பழுத்தது. உயரத்தில் புற ஊதாக் கதிர்கள் தாக்க, தற்காப்புக்காகத் தோல் தடிக்கிறது. நிறமும் டானினும் கூடுகின்றன. இன்று நாட்டில் மால்பெக் 40,000 ஹெக்டேருக்கும் மேல். இந்தப் புகழைப் பார்த்துக் கஹோர்க்காரர்களும் தங்கள் புட்டிகளில் 'மால்பெக்' என்று கொட்டை எழுத்தில் போடத் தொடங்கியது தனிக் கதை.

புகழ் ஒரு வியாதியையும் கொண்டுவந்தது. அமெரிக்க விமர்சகர்களின் மதிப்பெண்ணுக்காகப் பழத்தை அளவு மீறிப் பழுக்கவிட்டு, புதுப் பீப்பாயில் மாதக்கணக்கில் ஊறப்போட்டார்கள். விளைவு, ஜாம் போன்ற கெட்டி ஒயின். முதல் மடக்கு அசத்தும், மூன்றாவது திகட்டும். மெண்டோசாவின் ஊகோ பள்ளத்தாக்கில் இப்போது பலர் முன்கூட்டியே அறுவடை செய்து, பீப்பாய்க்குப் பதில் சிமென்ட் தொட்டியில் நொதிக்க வைக்கிறார்கள். பூ வாசனையும் புளிப்பும் தலைகாட்டுகின்றன. கனமும் வேண்டும், கனத்தால் மூச்சு முட்டவும் கூடாது. ருசி பார்ப்பவர் தேட வேண்டியது இந்தச் சமநிலையைத்தான்.

உண்மையான கவலை கோப்பைக்கு வெளியே இருக்கிறது. மெண்டோசாவின் தண்ணீர் ஆண்டிஸ் மலையின் பனி உருகி வருவது. அந்தக் காலத்து ஊவார்ப்பே பழங்குடியினர் வெட்டிய கால்வாய்களின் வழியில் வளர்ந்ததுதான் இன்றைய பாசனம். 1884ஆம் ஆண்டின் தண்ணீர்ச் சட்டப்படி நீர் உரிமை நிலத்தோடு சேர்ந்தது. விவசாயிகளுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். 2010க்குப் பிறகு பல ஆண்டுகள் பனிப்பொழிவு சராசரியை எட்டவில்லை. பணமுள்ள நிறுவனங்கள் ஆழ்துளைக் கிணறும் சொட்டு நீர்ப் பாசனமும் போட்டுக்கொண்டன. சிறு விவசாயி முறைத்தண்ணீருக்காக மதகடியில் காத்திருக்கிறார். கோடையில் ஆலங்கட்டி மழை ஒரு தடவை அடித்தால் அதுவும் வீண். தோட்டங்களின் மேல் வலை போர்த்தியிருப்பது அதற்காகத்தான். உள்நாட்டிலோ தலைக்கு ஒயின் 20 லிட்டருக்கும் கீழே போய்விட்டது.

இந்தியாவில் மால்பெக் புட்டி ஒன்று திறக்கப்படும்போது கெட்டுப்போவது வேறு காரணத்தால். 'அறை வெப்பநிலையில் பரிமாறவும்' என்ற பழைய அறிவுரை ஐரோப்பியக் கல்வீடுகளுக்குச் சொன்னது. நாக்பூரின் மே மாதத்துக்கு அல்ல. 16 முதல் 18 டிகிரிதான் கணக்கு. 32 டிகிரியில் ஆல்கஹால் மூக்கில் ஏறி மற்ற வாசனையை அமுக்கிவிடும். குளிர்பெட்டியில் வைத்து எடுத்தால் போதும். அர்ஜென்டினாவில் இதற்குத் துணை, தணலில் வாட்டிய மாட்டிறைச்சி. கொழுப்பும் புரதமும் துவர்ப்பைத் தணிக்கின்றன. தந்தூரி ஆட்டுக்கறியும் அதே வேலையைச் செய்யும். பச்சை மிளகாய்க் காரம் மட்டும் கூடாது: காரமும் ஆல்கஹாலும் சேர்ந்தால் வாய் எரியும், ருசி பறிபோகும். தொழில்முறையில் ருசி பார்ப்பவர்கள் வாயில் உருட்டிவிட்டுத் துப்பிவிடுகிறார்கள். ஆல்கஹாலில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்த பிறகு, மேஜையோரத்தில் இருக்கும் அந்தத் துப்பும் பாத்திரத்துக்கு மரியாதை கூடியிருக்கிறது.