மருந்தாளர் வெளியே போனால் மருந்தைத் தருவது யார்?

டிசம்பர் 31ஆம் தேதியோடு மலேசிய மருந்தகங்களின் ‘ஏ’ வகை நஞ்சு உரிமம் காலாவதியாகிறது. புதுப்பிப்பு நெருங்கும் இந்த வேளையில் ஈப்போ, சுங்கை சிப்புட், பீடோர் வட்டாரங்களிலிருந்து வரும் வாசகர் கடிதங்களில் ஒரே குழப்பம் திரும்பத் திரும்பத் தெரிகிறது. மருந்தாளர் மதியச் சாப்பாட்டுக்குப் போன நேரத்தில், டிப்ளோமா படித்த மருந்தக உதவியாளர் ஒவ்வாமைக்கான குளோர்பெனிரமின் மாத்திரையைக்கூடத் தர மறுக்கிறார். நாலு கடை தள்ளியுள்ள கிளினிக்கிலோ, முகப்பில் இருக்கும் பெண் ஆண்டிபயாட்டிக்கை எண்ணி உறையில் போட்டுக் கொடுக்கிறார். இதில் எது சட்டப்படி சரி என்று கேட்கிறார்கள். இரண்டும் சரிதான். அது எப்படி என்பதை விளக்கவே இந்தக் கட்டுரை.

1952ஆம் ஆண்டின் நஞ்சுச் சட்டம் மருந்தை வகை பிரிக்கிறது. ‘பி’ பிரிவு மருந்தை மருந்துச்சீட்டு இருந்தால்தான் மருந்தகம் விற்கலாம். ‘சி’ பிரிவுக்குச் சீட்டு வேண்டாம். ஆனால் மருந்தாளர் கொடுத்து, வாங்குபவரின் விவரத்தைப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். இதெல்லாம் பலருக்கும் தெரியும். பலர் கவனிக்காதது உரிமத்தின் தன்மை. ‘ஏ’ உரிமம் கடையின் பெயரில் ஓடுவதில்லை. பெயர் குறிப்பிட்ட ஒரு மருந்தாளரின் சொந்த உரிமம் அது. அவரே விற்க வேண்டும், அல்லது அவருடைய நேரடிக் கண்காணிப்பில் விற்க வேண்டும். அவர் வாசலைத் தாண்டினால் அந்தக் கடையின் விற்கும் உரிமையும் அவரோடு போய்விடுகிறது. மிச்சம் இருப்பது பாராசிட்டமால், வைட்டமின், பிளாஸ்திரி. உதவியாளர் மூன்றாண்டு படித்திருக்கலாம், இருபதாண்டு அனுபவம் பெற்றிருக்கலாம். சட்டத்தின் கணக்கில் அதற்கு மதிப்பு இல்லை. மறுத்தவர் முறையாகத்தான் நடந்துகொண்டார்.

இப்போது கிளினிக்குக்கு வருவோம். அதே சட்டத்தின் 19ஆம் பிரிவு, பதிவுபெற்ற மருத்துவர் தம் நோயாளியின் சிகிச்சைக்காக மருந்து வழங்க அனுமதிக்கிறது. அந்த மருந்தை மருத்துவர் தயாரிக்கலாம், அல்லது அவருடைய நேரடிக் கண்காணிப்பில் வேறொருவர் தயாரிக்கலாம். அந்த வேறொருவர் என்ன படித்திருக்க வேண்டும்? சட்டம் அதைக் கேட்கவில்லை. நேரடிக் கண்காணிப்பு என்றால் பக்கத்தில் நிற்பதா, அடுத்த அறையில் இருப்பதா? அதையும் அளந்து சொல்லவில்லை. அதிகாரிகள் ‘கண்காணிப்பு’ என்று சொல்லும்போது நம் மனம் ஒரு ஜோடிக் கண்களைக் கற்பனை செய்துகொள்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு அடுத்த நோயாளியின் நெஞ்சில் குழாய் வைத்திருக்கும் மருத்துவர், முகப்பில் எந்தப் புட்டி திறக்கப்படுகிறது என்பதைப் பார்க்க முடியாது. பெயரளவில் கண்காணிப்பு இருக்கிறது. கண்தான் அங்கே இல்லை. ஆக, படித்த கைக்குப் பூட்டு, பயிற்சியே கேட்கப்படாத கைக்குச் சாவி என்ற நிலைமை உருவாகிறது. சட்டம் அளப்பது உரிமம் பெற்றவர் எங்கே இருக்கிறார் என்பதை. மாத்திரையை எண்ணுபவருக்கு என்ன தெரியும் என்பதை அது அளப்பதில்லை.

மருத்துவரே நோயாளியைப் பார்த்து எழுதியதுதானே, தவறு எங்கிருந்து வரும் என்று கேட்கலாம். எழுதுவதில் வரும் தவறு வேறு, எடுப்பதில் வரும் தவறு வேறு. 5 மில்லிகிராமும் 10 மில்லிகிராமும் ஒரே நிறப் பெட்டியில் வரும் மருந்துகள் உண்டு. ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் போன்ற பெரிய அரசு மருத்துவமனைகளில் ஒருவர் எடுத்து நிரப்ப, இன்னொருவர் சரிபார்த்த பிறகே மருந்து நோயாளியின் கைக்கு வருவது இதனால்தான். தென்கொரியா 2000ஆம் ஆண்டில் மருந்து எழுதுபவரையும் கொடுப்பவரையும் சட்டப்படி பிரித்தது. நம் நாட்டில் அந்தப் பேச்சு பல ஆண்டுகளாகப் பேச்சாகவே நிற்கிறது.

அதுவரை செய்யக்கூடியது ஒன்று உண்டு: மருந்தைத் தொடும் கையைப் பதிவு செய்வது. பிரிட்டனில் 2011 ஜூலை முதல் மருந்தகத் தொழில்நுட்பர்கள் பதிவு பெறுவது கட்டாயம். பொறுப்பு வந்த பிறகு அதிகாரமும் வந்தது. முன்கூட்டியே வகுத்த எழுத்து நெறிகளின்படி சில மருந்துகளை அவர்களே வழங்க 2024 ஜூனில் அங்கே வழி திறந்தது. இங்கே 2016ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழிலர் சட்டம் 23 தொழில்களைப் பட்டியலிட்டது. மருந்தக உதவியாளர் அதில் இல்லை.

பதிவு என்றால் செலவு, சின்ன ஊர்க் கிளினிக்குகள் தாங்காது என்பது அடுத்த மறுப்பு. இந்த மறுப்பைப் பேராக் மண்ணில் நின்று சொல்வது கடினம். ரப்பர் தோட்டங்களில் காய்ச்சலுக்கும் காயத்துக்கும் மருந்து கொடுத்தவர் டிரசர். பெரிய டாக்டர் எப்போதாவது வருவார். மற்ற நாளெல்லாம் டிரசர்தான். அந்த நிலையில்கூட, 1965இல் தோட்ட மருத்துவமனை உதவியாளர்களைப் பதிவு செய்ய நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியது. செம்மண் பாதையில் லாரி போகாத தோட்டத்து டிரசருக்குப் பதிவு அவசியம் என்று அன்று தோன்றியது. அந்தத் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, அங்கிருந்த குடும்பங்கள் புந்தோங்கிலும் மற்ற குடியிருப்புகளிலும் வந்து சேர்ந்த பிறகு, அதே மக்களுக்கு மருந்து எண்ணிக் கொடுப்பவருக்கு மட்டும் பதிவு எப்படி வீண் செலவாகும்?

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக. தமிழ்நாட்டு டி.ஃபார்ம் படிப்போடு இங்கே மருந்தாளராக முடியுமா? முடியாது, அங்கே அது மருந்தாளர் தகுதி, இங்கே பட்டப்படிப்பும் அதன்பின் பயிற்சியும் வேண்டும். உதவியாளர் மருந்தின் அளவை மாற்றலாமா? கூடாது. தீர்ந்துபோன மருந்துக்கு வேறு நிறுவனத்தின் அதே மருந்தைத் தாமாகத் தரலாமா? மருந்தாளரைக் கேட்காமல் கூடாது. கிளினிக்கில் மருந்து வாங்காமல் சீட்டு மட்டும் கேட்கலாமா? தாராளமாக, 2025 மே 1 முதல் விலையைக் காட்டுவதும் கட்டாயம் என்பதால் ஒப்பிட்டுப் பார்த்து வாங்கலாம். உறையில் மருந்தின் பெயர் எழுதாமல் ‘காய்ச்சலுக்கு’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தால்? நோயாளியின் பெயர், மருந்தின் பெயர், தேதி, உட்கொள்ளும் முறை எல்லாம் இருக்க வேண்டும். முகப்பை விட்டு நகரும் முன் எழுதி வாங்குங்கள்.