கருச்சிதைவு: குடும்ப வழியில் வருவது எது, வராதது எது

உறுதிசெய்யப்பட்ட கர்ப்பங்களில் 100க்கு 10 முதல் 15 வரை கருச்சிதைவில் முடிகின்றன. பெரும்பாலானவை முதல் 12 வாரங்களுக்குள் நேர்பவை. அவற்றில் ஏறத்தாழப் பாதிக்குக் காரணம், கருவின் குரோமோசோம்களில் ஏற்படும் பிழை. கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது தற்செயலாக நேரும் இப்பிழை பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை. அடுத்த கருவிலும் அதுவே நேரும் என்பதும் இல்லை. பெண்ணின் வயது ஏற ஏற இதன் வாய்ப்பு கூடுகிறது. பப்பாளி தின்றது, தண்ணீர்க் குடம் தூக்கியது, மாடிப்படி ஏறியது என்று வீடுகளில் சொல்லப்படும் காரணங்களுக்கும் இந்தப் பிழைக்கும் தொடர்பே கிடையாது.

எனவே அம்மாவுக்கோ அக்காவுக்கோ ஒருமுறை கரு கலைந்திருந்தால், அதை வைத்து ஒரு பெண் அஞ்ச வேண்டியதில்லை. மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டிய செய்திகள் வேறு: நெருங்கிய உறவினர் ஒருவருக்கு இரண்டு, மூன்று முறை கரு கலைந்தது, நிறைமாதத்தை நெருங்கிய குழந்தை வயிற்றிலேயே இறந்தது, பிறவிக் குறையோ அறிவுத்திறன் குறைபாடோ உள்ள குழந்தை பிறந்தது, இளம் வயதில் காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்தது. கணவன் குடும்பத்தின் செய்தியும் மனைவி குடும்பத்தின் செய்தியும் இங்கே சம எடை உடையவை. நடைமுறையில் கேள்வி பெண் வீட்டாரிடம் மட்டுமே கேட்கப்படுகிறது. இது அநீதி என்பதோடு, மருத்துவ நோக்கிலும் தவறு.

ஏன் தவறு என்பதைக் குரோமோசோம் இடமாற்றம் தெளிவாகக் காட்டும். ஏறத்தாழ 500 பேரில் ஒருவருக்கு, ஒரு குரோமோசோமின் துண்டு இன்னொன்றோடு இடம் மாறி ஒட்டியிருக்கும். மொத்த மரபுப்பொருளில் கூடுதலும் குறைவும் இல்லாததால் அவர் முழு உடல்நலத்தோடு இருப்பார். தமக்கு இப்படி இருப்பதே தெரியாது. ஆனால் அவருடைய கருமுட்டையிலோ விந்தணுவிலோ துண்டுகள் சமமின்றிப் பிரிந்தால் அந்தக் கரு நிலைக்காது; சில வேளைகளில் குறையோடு குழந்தை பிறக்கும். மீண்டும் மீண்டும் கரு கலையும் தம்பதிகளில் 100க்கு 2 முதல் 5 வரை, இருவரில் ஒருவருக்கு இந்த அமைப்பு இருக்கிறது. அந்த ஒருவர் கணவனாகவும் இருக்கலாம். பெற்றோரிடமிருந்து வந்ததாக இருந்தால் உடன்பிறந்தவர்களுக்கும் இருக்க வாய்ப்புண்டு. ஆகவே ஒருவருக்குத் தெரியவந்தால் அண்ணன், தங்கைக்கும் அதைச் சொல்வது பயன்தரும். இருவரின் ரத்தத்திலும் செய்யும் காரியோடைப் பரிசோதனை இதைக் காட்டிவிடும். இடமாற்றம் உள்ள தம்பதிகளில் பலர் சிகிச்சை ஏதுமின்றியே பின்னர் நலமான குழந்தையைப் பெறுகிறார்கள் என்பதையும் மரபியல் ஆலோசனையில் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டில் உறவுக்குள் திருமணம் பற்றிப் பேசாமல் இதைக் கடக்க முடியாது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இங்கே மணமான பெண்களில் ஏறத்தாழ 28 விழுக்காட்டினர் ரத்த உறவில் மணமுடித்தவர்கள். தாய்மாமன், அத்தை மகன், மாமன் மகன் என்ற முறைகளில் இருவரும் ஒரே மூதாதையிடமிருந்து ஒரே மரபணுக் குறையைப் பெற்றிருக்கக்கூடும். அது குழந்தையிடம் இரட்டையாகச் சேரும்போது நோயாக வெளிப்படும். தொடக்கக்காலக் கருச்சிதைவில் இதன் பங்கு சிறியது. பிறவி நோய், குழந்தை இறந்து பிறத்தல், பிறந்தபின் இறத்தல் ஆகியவற்றில் பெரியது. குடும்பத்தில் அப்படி ஒரு குழந்தை இருந்திருந்தால், அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே மரபியல் ஆலோசனை பெறுவது நல்லது.

ரத்தம் உறைதல் பற்றிய குழப்பம் அதிகம். ரத்தத்தை எளிதில் உறையவைக்கும் ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய்க்குறி பெரும்பாலும் பரம்பரையாக வருவதன்று. 12 வார இடைவெளியில் இருமுறை பரிசோதித்து உறுதிசெய்தபின், குறைந்த அளவு ஆஸ்பிரினும் ஹெப்பாரின் ஊசியும் கொடுத்தால் பலருக்குக் கரு தங்குகிறது. பரம்பரையாக வரும் உறைதல் குறைகளின் கதை வேறு. 2023இல் வெளிவந்த அலைஃப்-2 ஆய்வில், அத்தகைய குறையும் தொடர் கருச்சிதைவும் உள்ள பெண்களுக்கு ஹெப்பாரின் ஊசி போட்டும் உயிருடன் பிறக்கும் குழந்தைகளின் விகிதம் கூடவில்லை. ஆகவே தினசரி ஊசி பரிந்துரைக்கப்படும்போது, எந்தப் பரிசோதனையின் அடிப்படையில் என்று கேட்பது நோயாளியின் உரிமை. கருச்சிதைவோடு தொடர்புடைய தைராய்டுக் கோளாறு, சர்க்கரை நோய் ஆகியவையும் குடும்பங்களில் தொடர்பவை. எளிதில் கண்டறிந்து கட்டுப்படுத்தக்கூடியவை.

இரண்டாம் முறை கரு கலையும்போது, வெளியேறும் திசுவைக் குரோமோசோம் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லலாம். திசுவை வளர்த்துச் செய்யும் பரிசோதனை என்றால், அதை ஃபார்மலினில் போடக்கூடாது. கிருமி நீக்கிய உப்புநீரில் அனுப்ப வேண்டும். இந்தச் சிறு தவறால் பல குடும்பங்கள் விடையை இழந்திருக்கின்றன. அடுத்த கர்ப்பத்தில் கருவைப் பரிசோதிக்கவும் வழியுண்டு: 1994ஆம் ஆண்டின் கருநிலைப் பரிசோதனைச் சட்டம் பாலினம் அறிவதைத்தான் தடுக்கிறது. இருமுறையோ அதற்கு மேலோ கரு தானாகக் கலைந்திருந்தாலும், தம்பதிகளின் குடும்பத்தில் மரபு நோய் இருந்தாலும், கருவின் மரபியல் பரிசோதனையை அதே சட்டம் அனுமதிக்கிறது. பெண்ணின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் கட்டாயம்.

வேலைக்குப் போகும் பெண்ணுக்குக் கருச்சிதைவுக்குப்பின் ஆறு வாரச் சம்பளத்துடன் கூடிய விடுப்பை 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் கொடுத்தது; 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் அதைத் தொடர்கிறது. அந்த ஆறு வாரங்களில் அவரை வேலைக்கு அமர்த்துவதும் தடை. கருச்சிதைவால் உடல்நலம் குன்றினால் மேலும் ஒரு மாதம் வரை விடுப்பு உண்டு. 26ஆம் வாரத்தைக் கடந்தபின் குழந்தை இறந்து பிறந்தால் சட்டத்தின் கண்ணில் அது பிரசவமே. முழு மகப்பேறு விடுப்புக்கும் அவர் உரியவர். இதை அறியாமல் ஆறு வாரத்தில் திரும்ப அழைக்கும் நிறுவனங்கள் உண்டு. மருத்துவமனைச் சான்றை இணைத்து எழுத்தில் விண்ணப்பித்து, மறுக்கப்பட்டால் தொழிலாளர் துறையில் புகார் செய்யலாம். ஈ.எஸ்.ஐ. காப்பீட்டில் உள்ளவர்கள் இப்பயனை அதன் கிளை அலுவலகத்தில் கோர வேண்டும்.

வீட்டுக்குள் நடப்பதற்கும் சட்டம் உண்டு. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், குழந்தை இல்லை என்று ஒரு பெண்ணை ஏசுவதையும் இழிவுபடுத்துவதையும் வன்முறை என்றே வரையறுக்கிறது. மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடமோ 181 என்ற எண்ணிலோ உதவி கேட்கலாம்.

இவை எல்லாவற்றுக்கும் தேவைப்படுவது காகிதம். உள்நோயாளியின் மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதி. மூன்று ஆண்டுகள் அவற்றைப் பாதுகாக்கவும் வேண்டும். ஒவ்வொரு இழப்பிலும் எத்தனையாவது வாரம், ஸ்கேனில் இதயத் துடிப்பு இருந்ததா, திசுப் பரிசோதனை முடிவு என்ன ஆகிய மூன்றும் டிஸ்சார்ஜ் சீட்டில் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்கி, கணவன் மனைவி இருவரின் ரத்தப் பரிசோதனை அறிக்கைகளோடு ஒரே கோப்பில் வைத்துக்கொள்வது அடுத்த மருத்துவரின் வேலையைப் பாதியாகக் குறைக்கும்.