அயல்நாட்டில் நம் கைப்பேசி

பிழைப்பின் பொருட்டுத் தமிழகத்தை விட்டு மும்பைக்கும் தில்லிக்கும் குடியேறிய நேயர்கள் பலருக்கு ஓர் அனுபவம் நினைவிருக்கும். சென்னையில் பெற்ற எண்ணுடன் மாநில எல்லையைக் கடந்துவிட்டால், ஊரிலிருந்து வரும் அழைப்பை ஏற்பதற்கே முன்னாளில் தனிக் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. பின்னர் அக்கட்டணம் மறைந்தது. நாட்டின் எல்லையைக் கடக்கும்போதோ அந்தப் பழைய கணக்கு மீண்டும் உயிர் பெறுகிறது, அதுவும் பன்மடங்காக. மக்களையும் பேரக் குழந்தைகளையும் காண அயல்நாடு செல்வோர் இதன் இயல்பை அறிந்து செல்வது நலம்.

கைப்பேசியினுள் இருக்கும் சிம் அட்டையில் பதினைந்து இலக்கங்கள் கொண்ட அடையாள எண் ஒன்று பதிந்துள்ளது. அதன் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் குறிப்பவை. இந்தியாவுக்கு 404, 405 என்பவை உரியன, சிங்கப்பூருக்கு 525. நாம் சிங்கப்பூரில் இறங்கிக் கைப்பேசியை இயக்கியதும், அந்நாட்டு நிறுவனம் இவ்வெண்ணைக் கண்டு, வந்திருப்பவர் இந்திய விருந்தினர் என உணர்ந்து, நம் நிறுவனத்தை வினவுகிறது. 'எம் வாடிக்கையாளரே, செலவுக்கு யாம் பொறுப்பு' என்ற விடை கிடைத்த பின்னரே சேவை தொடங்குகிறது. இந்த ஏற்பாட்டையே ரோமிங் என்கிறோம். ஆகவே புறப்படுமுன்பே நம் நிறுவனத்திடம் கேட்டு இதனை இயக்கச் செய்திருத்தல் அவசியம்.

இனி, கட்டணம் மிகுவது ஏன் என்று பார்ப்போம். நம் எண்ணுக்கு வரும் அழைப்பு முதலில் இந்தியாவுக்கே செல்லும். அங்கிருந்து நாம் இருக்கும் நாட்டுக்குத் திருப்பி விடப்படும். அழைப்பவர் உள்நாட்டுக் கட்டணமே தருகிறார். கடல் கடந்த தூரத்துக்கு உரியதை நாம் தருகிறோம். கணவனும் மனைவியும் சிங்கப்பூரில் ஒரே விடுதியின் இரு அறைகளில் இருந்துகொண்டு, இந்திய எண்களில் பேசிக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். அப்பேச்சு இந்தியா வரை சென்று மீள்வது வழக்கம். கட்டணமோ இருவருக்கும் உண்டு!

பேச்சையாவது நாம் அறிந்து செய்கிறோம். நாம் அறியாமலே நிகழ்வது இணையச் செலவு. கைப்பேசி சட்டைப்பையில் உறங்குவதுபோல் தோன்றினும், மின்னஞ்சலைக் கொணர்வதும் படங்களைச் சேமிப்பகத்துக்கு அனுப்புவதும் உள்ளே நடந்துகொண்டேயிருக்கும். எனவே விமானம் ஏறுமுன்பே, அமைப்புப் பகுதியில் 'டேட்டா ரோமிங்' என்பதை அணைத்துவிடுக. இணையம் வேண்டுமெனில், குறித்த நாள்களுக்கான திட்டத்தை முன்னரே வாங்கலாம். செல்லும் நாடு அதில் அடங்குமா என்பதைக் கேட்டறிக. விமானத்திலும் கப்பலிலும் இயங்கும் சேவைக்குப் பெரும்பாலும் வேறு கட்டணம் என்பதையும் மறவற்க.

நெடுநாள் தங்குவோர் அந்நாட்டு சிம் அட்டையையே வாங்குவது சிக்கனம். ஐரோப்பிய ஒன்றியம் தன் உறுப்பு நாடுகளுக்கிடையே ரோமிங் மிகைக் கட்டணத்தை 2017 ஜூன் 15 முதல் நீக்கியது. பாரிஸில் வாங்கிய அட்டையை ரோமிலும் பயன்படுத்தலாம். இச்சலுகை நம் இந்திய அட்டைக்குப் பொருந்தாது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. சிக்கனத்தை எண்ணி இந்திய அட்டையைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுவோர் உண்டு. அவர்கள் வங்கிப் பணத்தைக் கையாள முற்படும்போது, அதற்குரிய ஒருமுறைக் கடவுச்சொல் அந்தப் பழைய எண்ணுக்கே செல்கிறது. கணக்கில் பணம் இருந்தும் கைக்கு எட்டாது. மருத்துவமனை வாயிலில் இந்நிலை நேர்ந்தால் என் செய்வது? இக்காலக் கைப்பேசிகள் பலவற்றில் இரண்டு அட்டைகளுக்கு இடமுண்டு. இணையத்துக்கு அயல்நாட்டு அட்டையையும், குறுஞ்செய்திக்கு இந்திய அட்டையையும் வைத்துக்கொள்க. வரும் குறுஞ்செய்திக்குப் பெரும்பாலும் கட்டணம் இல்லை. அட்டையின் செல்லுபடிக் காலம் பயணத்தினிடையே முடிந்துவிடாதபடி பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

இன்னும் ஒன்று. உறவினர் எண்கள் யாவற்றையும் +91 என்னும் முன்னொட்டுடன் பதிந்துகொள்க. முக்கியமான நான்கைந்தை ஒரு தாளிலும் எழுதி வைத்துக்கொள்க. கைப்பேசி தொலைந்தாலும் அத்தாள் கைகொடுக்கும். புறப்படுமுன் செலவிடும் அரை மணி நேரம், அயல்மண்ணில் நம் பணத்தையும் மன அமைதியையும் காக்கும்.