முப்பது நானோமீட்டர் வேப்பெண்ணெய்

விஜயபுரம், நகரி பக்கத்து வீடுகளில் கொசுவத்தி ஏற்றுவது பெரும்பாலும் விளக்கு வைத்த பிறகுதான். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவோ பகலில் கடிக்கும். காலையில் சில மணி நேரமும் பொழுது சாய்வதற்கு முன்னும் அதற்கு நல்ல வேட்டை. விசைத்தறியில் நிற்பவருக்கும் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கும் இரவுப் புகையால் என்ன பயன்? உடம்பில் தடவிக்கொள்ள ஏதாவது வேண்டும்.

நம் மூச்சில் வரும் கரியமில வாயுவையும் வியர்வை வாடையையும் மோப்பம் பிடித்துத்தான் கொசு வருகிறது. சிட்ரோனெல்லா போன்ற வாசனை எண்ணெய்கள் அந்த மோப்பத்தைக் குழப்பும். எண்ணெய் ஆவியானால்தான் வாசனை வரும். ஆவியாகித் தீர்ந்தால் காவலும் தீர்ந்தது. நானோ நுட்பம் கைவைப்பது இந்த இடத்தில்தான். மருந்து பழையதுதான், துளியின் அளவு மட்டுமே புதிது. மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். சில நூறு நானோமீட்டருக்கும் குறைவான துளிகளாக எண்ணெயை உடைத்துத் தண்ணீரில் நிறுத்தினால், வாசனை மெதுவாக வெளிவரும்படி செய்யலாம். தாய்லாந்து ஆய்வாளர்கள் 2009இல் சிட்ரோனெல்லா, நாய்த்துளசி, வெட்டிவேர் எண்ணெய்களை இப்படிக் கலந்து, ஏடிஸ் கொசுவை 4.7 மணி நேரம் தள்ளி நிறுத்தினார்கள். நம் வீட்டு வெட்டிவேருக்கு இப்படியும் ஒரு வேலை!

நமக்குப் பக்கத்திலேயே, சித்தூரிலிருந்து வேலூர் போகும் வழியில் காட்பாடியில் உள்ள விஐடி பல்கலைக்கழகத்தில், வேறு முனையில் முயன்றார்கள். அவர்கள் குறி கொசுப்புழு. வேப்பெண்ணெயைத் தண்ணீரில் ஊற்றினால் கலக்காமல் மேலே மிதக்கும். அதனுடன் ட்வீன் 20 என்ற கலப்புப்பொருளைச் சேர்த்து, மீயொலியால் அதிரவைத்து, சுமார் 31 நானோமீட்டர் துளிகளாக்கினார்கள். ஒரு துளியை விட்டத்தில் பத்தில் ஒரு பங்கான துளிகளாக உடைத்தால், அதே எண்ணெய்க்கு மொத்தப் பரப்பு பத்து மடங்காகும். புழுவின் மேல் படுவதும் அதிகமாகும். துளி சிறுக்கச் சிறுக்கக் குறைந்த மருந்திலேயே கியூலெக்ஸ் கொசுவின் புழுக்கள் செத்தன என்று 2012இல் வெளியிட்டார்கள்.

ஆனால் அந்த மிகச்சிறிய துளிக்கு ஒரு பங்கு எண்ணெயுடன் மூன்று பங்கு ட்வீன் தேவைப்பட்டது. 'முழுக்க இயற்கை' என்று இதை விற்க வந்தால் நான் நம்பமாட்டேன். தவிர, யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் வளர்வது சாக்கடையில். அங்கே தாராளமாக ஊற்றிப் பார்க்கலாம். டெங்கு கொசு முட்டையிடுவது நாம் புழங்கும் நல்ல தண்ணீர்த் தொட்டியில். வேம்பின் கசப்போடு இந்த மருந்தை அதில் கலக்க எந்த வீட்டில் சம்மதிப்பார்கள்?